காய்ந்தபின் எட்டு மணி நேரம்

நீண்டகரை
2.9.2024

பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கொல்லத்து மழைக்கு மட்டும் என் மூக்கு இன்னும் பழகவில்லை. அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? அண்ணி வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா, இல்லை நான் இல்லாத சாக்கில் டீயிலேயே பொழுதை ஓட்டுகிறாளா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். போனைத்தான் கடலில் போட்டுவிட்டேனே! யார் யாரோ கூப்பிட்டு "நீதானே அந்த மேஸ்திரி?" என்று கேட்டால் எத்தனை பேருக்குத்தான் ஆமாம் சொல்வது. அவசரம் என்றால் அண்ணியிடம் என் முதலாளியின் நம்பர் இருக்கிறது. மற்றதற்கு இன்லேண்ட் போதும்.

இங்கேயும் அதே வேலைதான், ஃபைபர் போட் கட்டுவது. துணியை விரி, ரெசினைத் தடவு, ரோலரை உருட்டிக் காற்றை வெளியே தள்ளு, காயவிடு, விரல் முட்டியால் தட்டிப் பார். இருபது வருஷமாகச் செய்த வேலையை இப்போது பயந்து பயந்து செய்கிறேன். ஒரே போட்டைப் பத்துத் தடவை தட்டுகிறேன். இங்கே எனக்குத் தட்டு மேஸ்திரி என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும் பாப்பா. நான் எங்கே தப்பு செய்தேன்? நீ கூட்டமைப்பு ஆபீஸிலேயே இருக்கிறவள், படித்தவள். நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன், பார்த்துச் சொல்.

ரெசின் கடலூரிலிருந்து வந்தது. கறுப்பு நார்த்துணி விழுப்புரத்திலிருந்து வந்தது. காலேஜ்காரர்கள் படம் போட்டார்கள், நம் ஊர் மேட்டுப்பாளையத்தில் மோல்டு செய்தார்கள், குருசுக்குப்பத்தில் நம் யார்டில் நான் அடிப்பாகத்தைப் போட்டேன். ஐந்து இடம் கூடிச் செய்த முதல் போட்; பாதி எடை, இரண்டு மடங்கு பலம் என்று உங்கள் செயலாளர் ஜானகிராமன் சார் மைக்கில் சொன்னாரே, அதுதான். ஆபீஸ் கொடுத்த செய்முறைச் சீட்டில் போட்டிருந்தபடி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். "காய்ந்தபின் எட்டு மணி நேரம் வைக்கவும். வெப்பம் எழுபதைத் தாண்டக் கூடாது" என்று அடுத்த வரி. எழுபது டிகிரிக்கு நான் எங்கே போவேன், நம் ஊர் வெயிலே நாற்பதுதான். இருந்தாலும் பயந்துகொண்டு, தார்ப்பாய் கட்டி நிழலில் வைத்தேன். எட்டு மணி நேரத்துக்குப் பத்து மணி நேரமாகவே வைத்தேன்.

அந்த அடிப்பாகம்தான் மே மாத வெயிலில், நடுக்கடலில், தோல் உரிவது போல் உரிந்து பிளந்தது. மற்ற இரண்டு பேர் நீந்திப் பிழைத்தார்கள். என் கூடப் படித்த இளம்பரிதி திரும்பி வரவில்லை. விசாரணைக் கமிட்டி "வேலைத் தரக் குறைவு" என்று ஒரே வரியில் முடித்தது, நானும் கையெழுத்துப் போட்டேன். என் கை போட்ட போட், அப்படியானால் என் கைதானே தப்பு செய்திருக்கும்? ஆனால் எந்த இடத்தில் என்று தெரியாமல் இன்னொரு போட்டில் கை வைக்கப் பயமாக இருக்கிறது.

"என் வாசல்ல நிக்காத" என்று கலைமகள் சொல்லிவிட்டாள். புருஷனைப் பறிகொடுத்தவள் சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். அந்தத் தெருவில் இனி எப்படி நடப்பது என்றுதான் இங்கே வந்துவிட்டேன்.

பதில் போடு. அம்மாவைத் திட்டாதே.

உன் அண்ணன்
முத்துவேல்


குருசுக்குப்பம்
24.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்வியின் வணக்கம். வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமாக இருப்பதாக எழுதியதைப் படித்து அம்மா உன் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முட்டிக்குத் தைலம் தேய்க்கிறோம். அண்ணி இப்போது மீன் ஏலத்துக்குப் போகிறாள், அதனால் பசியெடுத்துச் சாப்பிடுகிறாள்.

எனக்கு வேலை அதிகம். கூட்டமைப்பின் இரண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பம் தயாராகிறது. பதினான்கு தொழிற்கூடங்கள் சேரப்போகின்றன. அறுபது பெண்களுக்கு இந்தப் புது நாரில் வேலை கற்றுக்கொடுத்து மேட்டுப்பாளையத்திலேயே வேலையும் கொடுப்பதாகத் திட்டம். தினமும் ஆபீஸுக்கு ஸ்கூட்டரில் முத்தியால்பேட்டை வழியாகச் சுற்றிப் போகிறேன். அந்த ரோடு நன்றாக இருக்கிறது.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு விபத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம் அண்ணா. நடந்தது நடந்துவிட்டது. அதையே போட்டு மனதை உழப்பிக்கொள்ளாதே.

மழையில் நனையாதே. மூக்குக்கு ஆவி பிடி.

அன்புடன்
செல்வி


நீண்டகரை
20.10.2024

பாப்பாவுக்கு,

ஆவி பிடித்து மூக்கு சரியாகிவிட்டது. அண்ணன் சுகம். உன் கடிதம் சர்க்கார் கடிதம் மாதிரி இருந்தது, கீழே சீல் மட்டும்தான் இல்லை. ஏன், உனக்கு உடம்புக்கு ஏதாவதா?

முத்தியால்பேட்டை ரோடு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரிந்து அந்த ரோடு எந்தக் காலத்திலும் நன்றாக இருந்ததில்லை. கலைமகள் வீட்டு வழியாகப் போக உனக்கும் சங்கடமாக இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டுப் போயேன். உனக்கு என்ன சங்கடம்? நீ என்ன செய்தாய்? தலை நிமிர்ந்து அந்த வழியாகவே போ. முடிந்தால் அவளைப் பார். நான் கேட்டதாகச் சொல்லாதே, சும்மா பார்.

கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. பல காரணங்கள் என்றால் அதில் ஒன்றையாவது சொல். கடலூர் ரெசினில் கோளாறா? துணியில் ஈரமா? நான் ரோலர் போட்டதில் காற்று நின்றுவிட்டதா? காலேஜ்காரர்கள் எதையாவது அறுத்துப் பார்த்திருப்பார்களே, என்ன சொன்னார்கள்? போன வாரம் ஒரு போட் கடலுக்கு இறங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள், நான் அது தண்ணீரைத் தொடும்வரை அதன் அடியைத் தட்டிக்கொண்டே நடந்தேன். இளம்பரிதி அன்றைக்கு அவன் போட்டை இறக்கும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டு "மச்சான், பஞ்சு மாதிரி மெதக்குதுடா" என்றான். அதுதான் காதிலேயே நிற்கிறது.

எந்த இடத்தில் தப்பு என்று தெரிந்தால் அதையாவது திரும்பச் செய்யாமல் இருக்கலாம். நான் கேட்பது அவ்வளவுதான்.

தீபாவளிக்கு அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடு. கலர் அவளையே எடுக்கச் சொல்.

அண்ணன்
முத்துவேல்


குருசுக்குப்பம்
11.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்வி எழுதுவது. பதில் போட இத்தனை நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். எல்லாரும் உயிரோடு நலமாக இருக்கிறோம். உன் முதலாளியின் போனில் அண்ணி சொல்லியிருப்பாள். புயல் வந்த அன்று வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அம்மாவைக் கட்டிலோடு தூக்கி மாடிவீட்டில் வைத்தோம். யார்டின் கூரை போய்விட்டது. உன் ரோலர்களையும் கத்தரியையும் பொறுக்கி எடுத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

கலைமகள் வீட்டிலும் தண்ணீர் புகுந்தது. யாரோ உணவுப் பொட்டலம் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை.

ஒரு விஷயம். அந்தப் பழைய செய்முறைச் சீட்டு உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பிவிடு. ஆபீஸ் கோப்பில் வைக்க வேண்டுமாம். வேறு ஒன்றும் இல்லை.

தீபாவளிக்கு அம்மா மாம்பழக் கலர் எடுத்தாள். கட்டவில்லை. நீ வந்ததும் கட்டுவாளாம்.

அன்புடன்
செல்வி


நீண்டகரை
29.12.2024

பாப்பாவுக்கு,

தண்ணீர் வடிந்த செய்தி கேட்டபின்தான் எனக்குச் சோறு இறங்கியது. நான் சுகம். ரோலருக்கு எண்ணெய் போட்டாயாமே, அதைப் படித்தபோது அழுகை வந்துவிட்டது. எண்ணெய் போடக் கூடாது பாப்பா, ரெசின் ஒட்டாது. பரவாயில்லை, வந்து துடைத்துக்கொள்கிறேன்.

சீட்டு என்னிடம்தான் இருக்கிறது. அனுப்ப மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உங்கள் ஆபீஸில் ஒரு பிரதி இல்லாமலா போகும்? அதன் அடியில் "தமிழாக்கம்: தெ. அன்புசெல்வி" என்று அச்சில் உன் பேர் இருக்கிறது. அது வந்த அன்றைக்கு அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே, விரலை வைத்து உன் பேர் எது, அப்பா பேரின் எழுத்து எது என்று காட்டச் சொன்னாள். இளம்பரிதியும் பார்த்தான். "நம்ம பாப்பா எழுதினதா? அப்ப கண்ண மூடிக்கிட்டு செய்யலாம்" என்றான். அவனுக்கு இதில் துளிக்கூடப் பயம் இல்லை. அந்த ஒரு காகிதத்தை மட்டும் துணிப்பையின் அடியில் மடித்து வைத்திருக்கிறேன்.

ஒரு நல்ல சேதி. என் முதலாளியும் உங்கள் கூட்டமைப்பில் சேர்கிறார். கேரளக் கரையில் இது முதல் யார்டாம். கறுப்புத் துணியும் கடலூர் ரெசினும் இங்கேயே வருகின்றன. சூட்டறைகூடக் கட்டுகிறார்கள். மேட்டுப்பாளையத்தில் நீங்கள் வைத்திருந்தீர்களே, லாரி நுழைகிற அளவுக்கு ஒரு பெட்டி, காற்றாலை இறக்கைக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, அது மாதிரி. செய்முறைச் சீட்டும் உங்கள் ஆபீஸிலிருந்தே வருமாம். உன் எழுத்தைப் பார்க்கக் காத்திருக்கிறேன்.

அண்ணன்
முத்துவேல்


குருசுக்குப்பம்
17.1.2025

அண்ணனுக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. அம்மா நலம்.

அந்தப் புது வேலையை நீ எடுக்க வேண்டாம். பழைய மாதிரி போட்டுகளையே செய். முதலாளியிடம் கண் சரியில்லை என்று சொல்லிவிடு. ஏன் என்று கேட்காதே. உன் நல்லதற்குத்தான் சொல்கிறேன்.

செல்வி


நீண்டகரை
2.2.2025

பாப்பாவுக்கு,

சுகம்.

உன் நாலு வரியை நாலு நாள் படித்தேன். உனக்கும் என் கை மேல் நம்பிக்கை போய்விட்டது என்று புரிகிறது. ஊர் சொன்னது, கமிட்டி சொன்னது, அதெல்லாம் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நீ சொன்னது வலித்தது. உன்னைச் சைக்கிளின் முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட கை இது. அதை நினைத்தாவது கொஞ்சம் யோசித்து எழுதியிருக்கலாம்.

வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவையும் தப்பு வந்தால் அதோடு இந்தத் தொழிலே வேண்டாம், வலை தைக்கப் போகிறேன். சரியாக வந்தால் எங்கே தப்பு செய்தேன் என்று அந்தப் போட்டே எனக்குச் சொல்லட்டும். நீதான் சொல்ல மாட்டேன் என்கிறாயே.

சரி விடு, மனசில் வைத்துக்கொள்ளாதே. அம்மாவிடம் புடவையைக் கட்டச் சொல்.

அண்ணன்


நீண்டகரை
9.3.2025

செல்வி அன்புசெல்வி அவர்களுக்கு,

முத்துவேல் எழுதுவது. அம்மா நலம் என்று அண்ணி போனில் சொன்னாள். எனக்கு அது போதும்.

புதுச் சீட்டு வந்தது. ஒரு நாள் காயவிடவும் என்பது வரை எல்லாம் பழைய மாதிரியே இருந்தது. அடுத்த வரி: "பிறகு சூட்டறையில் வைத்து, எழுபது டிகிரி வெப்பத்தில், எட்டு மணி நேரம் வேகவிடவும்." இதை நான் படித்துவிட்டுச் சும்மாதான் இருந்தேன். புது முறை போலிருக்கிறது என்று நினைத்தேன். சூட்டறையில் வைத்து எடுத்தோம். ஆறியதும் வழக்கம்போல விரல் முட்டியால் தட்டினேன்.

சத்தம் வேறாக இருந்தது. கோயில் வெண்கலத்தைத் தட்டினது போல ஒரு சத்தம். திரும்பத் திரும்பத் தட்டினேன். இந்தச் சத்தத்தை நான் இதற்கு முன்னால் கேட்டதே இல்லை. இளம்பரிதியின் போட் இப்படிச் சத்தம் கொடுக்கவில்லை. அது எங்கள் பழைய ரெசின் போட்டுகள் மாதிரிதான் கொடுத்தது. பழைய சத்தமே பழகின காதுக்கு அது போதும் என்று பட்டது. பச்சையாகவே அதைக் கடலுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அப்போதுதான் பையிலிருந்து பழைய சீட்டை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். உனக்கு ஒரு சொல் தப்பிவிட்டது. யாருக்குத்தான் தப்பாது? எண்ணெய் போடக் கூடாத ரோலருக்கு எண்ணெய் போட்ட பிள்ளைதானே நீ. அதற்காக உன் மேல் எனக்குக் கோபம் வந்திருக்காது, இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். நீயும் நானும் சேர்ந்து அழுதிருப்போம்.

ஆனால் புதுச் சீட்டின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு தேதி இருக்கிறது. திருத்தம் 1, 18.6.2024. கமிட்டி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தது ஜூலை ஒன்பதாம் தேதி.

இடையில் இருபத்தொரு நாள். அத்தனை நாளும் நாம் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்குச் சோறு போட்டாய்.

புதுச் சீட்டின் அடியில் தமிழாக்கம் என்று யார் பேரும் இல்லை.

முத்துவேல்


குருசுக்குப்பம்
30.3.2025

அண்ணா,

உன்னிடம் நலம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அம்மா நலம். அண்ணி நலம். உன் கடிதத்தை நான் அண்ணியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் படித்து முடித்தாள். என் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலச் சீட்டில் "போஸ்ட் க்யூர்" என்று இருந்தது. சூட்டறையில் வைத்து வேகவைப்பதற்கு அதுதான் பேராம். எனக்குத் தெரியாது. நான் படித்தது பிளாஸ்டிக் டிப்ளமா, இந்த நாரையும் ரெசினையும் அந்த வருஷம்தான் பார்த்தேன். "போஸ்ட்" என்றால் பின், "க்யூர்" என்றால் காய்வது, அதனால் "காய்ந்தபின்" என்று எழுதிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவள் என்று நினைப்பார்களே என்று கேட்கவில்லை. கடலூர்க்காரர்கள் மேட்டுப்பாளையம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தார்கள். மேட்டுப்பாளையமோ, காலேஜ் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தது. காலேஜோ, சீட்டில்தான் இருக்கிறதே என்று இருந்தது.

அந்தச் சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் விட்டுவிடலாம் என்று ஆபீஸில் சொன்னார்கள் அண்ணா. நான்தான் கேட்கவில்லை. என் அண்ணனுக்குப் புரியாத ஒரு சொல்கூட அதில் இருக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தேன். அப்படியே விட்டிருந்தால் நீ வீட்டுக்கு வந்து "இது இன்னா பாப்பா?" என்று கேட்டிருப்பாய். நான் யாரையாவது கேட்டிருப்பேன். இளம்பரிதி அண்ணன் இருந்திருப்பார்.

ஜூன் மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து சூட்டறையை ஓட்டிக் காட்டும்போது அந்தச் சொல்லைச் சொன்னார். ஆபீஸுக்கு ஓடிவந்து என் சீட்டை எடுத்து அந்த வரியைப் பார்த்தேன். ஜானகிராமன் சாரிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு, "சீட்டைத் திருத்திடும்மா. கமிட்டிக்கு இது வேணாம். வெளிய வந்தா இரண்டாம் கட்டம் நின்னுடும், அறுபது பொண்ணுங்க நம்பிக்கிட்டு இருக்காங்க" என்றார். அறுபது பெண்கள் என்று நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. எனக்குப் பயம். அவ்வளவுதான்.

கமிட்டி முன்னால் நீ கையெழுத்துப் போடப் பேனா தேடினாய். நான்தான் என் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

நீ தாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன். அப்பா போனபோது நீ தாங்கினாய். எனக்காக உன் படிப்பை விட்டாய். என்ன வைத்தாலும் நீ தூக்கிக்கொண்டு நடப்பாய் என்று சின்ன வயதிலிருந்தே பழகிவிட்டது, இதையும் உன் தலையில் வைத்துவிட்டேன்.

நேற்று கமிட்டிக்கு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இரண்டு சீட்டுகளையும் சேர்த்து வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் கலைமகள் அக்கா வீட்டுக்குப் போகிறேன். முத்தியால்பேட்டை சுற்றாமல் நேர்வழியில்.

நீ பதில் போட வேண்டும் என்று கேட்கவில்லை.

செல்வி


குருசுக்குப்பம்
27.4.2025

முத்துவேல் அண்ணனுக்கு கலைமகள் எழுதுறது.

நான் நல்லா இருக்கேன்னு எழுதினா பொய். இருக்கேன். நீங்க நல்லா இருக்கணும்.

உங்களுக்குக் கடுதாசி எழுதுவேன்னு நான் நெனச்சதில்ல. உங்க வீட்டுக்காரம்மா கலைவாணி அக்காதான் விலாசம் குடுத்தாங்க. உங்க தங்கச்சி வந்தா. வாசல்ல நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னா. பாதியில ஒரு சொம்பு தண்ணி குடுத்தேன். குடிச்சிட்டு மிச்சத்தையும் சொன்னா. சொல்லி முடிச்சதும், இனிமே என் வாசல்ல நிக்காதன்னு சொன்னேன். உங்களுக்குச் சொன்ன அதே வார்த்தைதான். போன வருஷம் ஆள் மாறிச் சொல்லிட்டேன், அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

போட்டுக்கு அவரு என் பேரு வச்சாரு. அதை வளைச்சு வளைச்சு பெயின்ட்ல எழுதினது உங்க கைதான். பேரு எழுதின பலகை மட்டும் கரைக்கு வந்துச்சு. வீட்ல வச்சிருக்கேன். அந்தக் கையை நான் ஒரு வருஷம் சபிச்சிருக்கேன் அண்ணே.

ஊருக்கு வாங்க. என் வாசல்ல நிக்கலாம்.

கலைமகள்


குருசுக்குப்பம்
22.6.2025

அன்புசெல்விக்கு,

நான் வருவதற்குள் நீ ஆபீஸ் வேலையை விட்டு ஓசூர் போய்விட்டாய், விலாசத்தை அண்ணிதான் கொடுத்தாள். ஹாஸ்டல் சாப்பாடு எப்படி இருக்கிறது? அங்கே குளிர் என்கிறார்கள், உனக்குக் குளிர் ஆகாதே. அந்தப் பிளாஸ்டிக் கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலையா, நின்று செய்கிற வேலையா என்று அண்ணி கேட்கச் சொன்னாள். அவள் கோபம் அவ்வளவுதான், தட்டைக் கவிழ்த்ததோடு சரி. அம்மாவும் நலம்.

நான் வந்து மூன்று வாரம் ஆகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கினதும் நேராகக் கலைமகள் வீட்டுக்குத்தான் போனேன். பெஞ்சை இழுத்துப் போட்டாள். இரண்டு பேரும் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

டீக்கடையில் இப்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். போன வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே ஆட்கள்தான். இது எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொருவனும் என் கையைப் பிடித்துக்கொண்டு உன்னைத் திட்டுகிறான். நான் கையை உருவிக்கொண்டு வந்துவிடுகிறேன். இரண்டாம் கட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். மறு விசாரணை முடிந்தால்தான் சொல்வார்களாம். அந்த அறுபது பேரில் இரண்டு பெண்கள் வீட்டுக்கே வந்து, "உங்க தங்கச்சி வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா எங்களுக்கு வேல கெடச்சிருக்கும்" என்று அண்ணியிடம் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள்.

நீண்டகரையில் நான் போட்ட போட் கடலில் நன்றாக ஓடுகிறது. பொருள் நல்ல பொருள்தான். ஐந்து ஊர் சேர்ந்து கெட்டியானதைத்தான் செய்தோம். அதை வேகவைக்கத்தான் விட்டுவிட்டோம்.

அம்மாவிடம் ஓசூரில் உனக்குப் பெரிய வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறோம். நீயும் அப்படியே எழுது. மாம்பழக் கலர் புடவையை நான் வந்த அன்றைக்குக் கட்டினாள். அடுத்த நாள் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, "இனி பாப்பா வந்தாதான்" என்கிறாள்.

ரோலரில் எண்ணெய் போகவே இல்லை. எத்தனை தடவை துடைத்தும் வழவழப்பு இருக்கிறது. தூக்கிப் போட மனசு வராமல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

போன் வாங்கிவிட்டேன். மேலே கோடு போட்டு அடித்து வைத்திருக்கிறதே, அது என் நம்பர்தான். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை. பகலில் வேலை செய்கிறேன், சிரிக்கிறேன், யாராவது தட்டிப் பார்த்தால் காய்ந்துவிட்டான் என்றுதான் சொல்வார்கள். உள்ளே இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது பாப்பா. எத்தனை நேரம் ஆகும் என்று எந்தச் சீட்டிலும் போடவில்லை.

அதுவரை கடிதம் போடு. அம்மா நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்திருக்கிறாள், பார்சலில் வரும். ஹாஸ்டலில் வாசனை வருகிறது என்று சண்டைக்கு வருவார்கள், நன்றாக மூடி வை.

அண்ணன்